பட்டாணி அளவு மறுமொழி

எட்டு ஐம்பதுக்கு மருந்து ஏறியது. ஏற்றிய நர்ஸ் ஜெபக்கனி தன் மணிக்கட்டைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதினாள். அந்தக் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடுவதைப் பேராசிரியை ஆவுடைநாயகி எட்டரைக்கே கண்டு வைத்திருந்தாள். எல்லா நேரத்துக்கும் ஒரே கடிகாரத்தைப் பார்த்தால் இடைவெளி மாறப் போவதில்லை என்பது தெரியும். தெரிந்தும் எரிச்சல் அடங்கவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகள் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் நடத்திய ஒருத்தி, பாளையங்கோட்டையின் ஒரு மருத்துவமனையில், கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து என்னவெல்லாம் சகிக்க வேண்டியிருக்கிறது! கட்டிலில் தம்பி மனைவி செண்பகவல்லி கிடந்தாள். மே மாதம், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம்கூட வியர்க்கும் வெயில், இவள் கழுத்துவரை பொத்தான் போட்ட ஸ்வெட்டருக்குள் சுருண்டிருந்தாள். அந்த ஸ்வெட்டரைப் பார்க்கும்போதெல்லாம் ஆவுடைநாயகியின் உதடு தானாகக் கோணும். வீட்டில் இவளுக்கு ஊட்டிக்காரி என்றே பெயர், வைத்தவள் ஆவுடைநாயகிதான். இப்போது இவள் நரம்பில் ஏறியிருப்பது, மூளையடியில் உள்ள ஹைப்போதலாமஸ் அன்றாடம் சொட்டுச் சொட்டாக அனுப்பும் தூண்டுஹார்மோனின் செயற்கை நகல். சென்னையிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் வரவழைத்தது. அதற்கு நேர் கீழே, எலும்புக் குழிக்குள், பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி இந்த அழைப்பைக் கேட்டு மறுமொழி சொல்ல வேண்டும். இருபது, நாற்பது, அறுபது, தொண்ணூறு, நூற்றிருபது நிமிடங்களில் இரத்தம் எடுப்பார்கள். எண்கள் மேலே ஏறினால் பட்டாணி உயிரோடு இருக்கிறது. ஏறாவிட்டால்... ஏறும், ஏன் ஏறாது.

தலைமைச் சுரப்பி என்று எழுதுகிறார்கள் பாடநூல்களில், வெட்கமில்லாமல். எதற்குத் தலைமை? மேலிடத்திலிருந்து சொல் வந்தாலொழிய அது அசையாது. அதன் செல்களில் ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு ஏற்பி. தனக்கென்று வந்த ஹார்மோன் தொட்டால் மட்டும் திறந்துகொள்ளும், அடுத்த செல்லுக்கு வந்ததை ஏறெடுத்தும் பார்க்காது. தொட்ட நொடிகளில் உள்ளே கால்சியம் பொங்கும். ஏற்கெனவே பொதி கட்டி வாசலில் அடுக்கி வைத்திருந்த சரக்கு இரத்தத்தில் கொட்டும். தைராய்டுக்கு ஒரு சரக்கு, அட்ரீனலுக்கு ஒன்று, முலைக்கு ஒன்று. முலைக்கான புரோலாக்டின் விஷயத்தில் மட்டும் மேலிடம் எப்போதும் வேண்டாம் வேண்டாம் என்று அடக்கிக்கொண்டே இருக்கும், அந்த அடக்குமுறை தளர்ந்தால் பால். ஆனால் இன்று ஏற்றிய மருந்து அந்தச் செல்லையும் தட்டி எழுப்பும். எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருப்பாள், எத்தனை மந்த முகங்களுக்கு. பால் என்றதும், செண்பகம் பிள்ளை பெற்ற சமயத்து அம்மாவின் குரல் வந்துவிட்டது. என்ன பொண்ணோ, பிள்ளைக்கு ஒரு சொட்டு ஊறல, ஊறணும்னு நெனப்பிருந்தால்லா ஊறும். இருபத்திரண்டு ஆண்டுக்கு முந்திய குரல். அம்மா போயே நான்கு வருடம். அன்று ஆவுடைநாயகி என்ன சொன்னாள்? ஆமாம் என்றாள். மனம் வைத்தால் சுரக்கும், அனிச்சைச் செயல்தான், பிள்ளை சப்பச் சப்ப நரம்பு வழியாக மேலே சேதி போகும் என்று அம்மாவுக்குப் பாடம் வேறு எடுத்தாள். புட்டிப் பாலில்தான் பெண் வளர்ந்தாள். செண்பகம் படுத்துக் கிடந்தாள். அரைத்த மாவைக் கிரைண்டரிலிருந்து வழிக்காமலே அடுப்படித் தரையில் சரிந்து தூங்கியவளை எத்தனை நாள் தாண்டிப் போயிருக்கிறாள். தாண்டும்போது சேலை நுனி முகத்தில் படும்படியாகத் தாண்டுவாள், வேண்டுமென்றேதான். அப்படியும் எழுந்திருக்க மாட்டாள். கல்யாண வீடுகளில் எல்லாரும் ஓடியாட, மூலையில் நாற்காலி தேடுவாள். ஒரு வேலையை நாலு முறை சொல்ல வேண்டும். ஐந்தாம் முறை, வாரேன் மதினி என்று இழுத்த குரல் வரும், ஆள் வராது. சோம்பலுக்கும் ஒரு தகுதி வேண்டும். சம்பாதித்தவன் சோம்பலாம், படித்தவன் சோம்பலாம். இவளுக்கு என்ன?

“அக்கா, கையை நீட்டுங்க. இப்படி ஐஸ்புரூட் கணக்கா இருந்தா எரத்தம் எப்படி வரும்?” ஜெபக்கனி வந்துவிட்டாள். இருபது நிமிடம்.

“எனக்கே வரமாட்டேங்குது, ஒனக்கு வரவா போகுது?” என்றாள் செண்பகம், கண்ணைத் திறக்காமல். “உள்ள தண்ணிதான் ஓடுது போல. மதினியக் கேளு, அவுக எல்லாம் படிச்சவுக.”

“மேடம் கேட்டா நான் மாட்டிக்குவேன். வந்ததுலேருந்து என் ஊசியவே பாத்துக்கிட்டிருக்காங்க.”

“எண்ணை ஒழுங்காக எழுது,” என்றாள் ஆவுடைநாயகி. “குழாயில் பெயர் மட்டும் போதாது. எத்தனையாவது நிமிடம் என்று எழுது.”

“எழுதிட்டேன் மேடம்.” ஜெபக்கனி குழாயைக் கண்ணுக்கு நேரே நீட்டிக் காட்டினாள். எழுதித்தான் இருந்தாள், தெளிவாக. அதுவும் பிடிக்கவில்லை.

குழாயில் போன இரத்தம் வெளிறியிருந்ததாகத் தோன்றியது. தோற்றம்தான், இரத்தம் எல்லாருக்கும் ஒரே சிவப்பு. நேற்று அந்த டாக்டர், அன்சாரி என்று பெயர், முப்பத்தைந்து வயதுகூட இராது, வேறு ஏதோ கல்லூரியில் படித்தவன், அந்த மட்டில் ஆறுதல், செண்பகத்தின் புருவத்தைத் தடவிப் பார்த்தான், அக்குளைப் பார்த்தான், பிறகு ஒரு கேள்வி கேட்டான். காய்ச்சலோடு மயங்கி விழுந்து, இரத்த அழுத்தம் அறுபதுக்கு இறங்கி, ஸ்டீராய்டு ஏற்றிப் பிழைக்க வைத்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? குழந்தைக்குப் பால் கொடுத்தீங்களாம்மா? செண்பகம் ஆவுடைநாயகியைப் பார்த்தாள், பதில் சொல்ல அனுமதி கேட்பதைப்போல. பிரசவத்தில் எத்தனை பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள் என்றான். நாலு என்றாள். அதற்கப்புறம் மாதவிடாய்? வரலை. அறைக்குள் ஐந்து மதிப்பெண் குறுவினா ஒன்று எழுந்து நின்றது. பிரசவத்தில் பெருகிய இரத்தப்போக்கால் பிட்யூட்டரி மாண்டுபோகும் நோய் பற்றிச் சிறுகுறிப்பு வரைக. பேறுகாலத்தில் அந்தப் பட்டாணி பால்செல்களால் வீங்கிப் பருக்கும். அதற்கு வரும் இரத்தமோ ஹைப்போதலாமஸைத் தொட்டு வடிகிற, அழுத்தம் குறைந்த இரத்தம். தாய் இரத்தமிழந்தால் முதலில் பட்டினி கிடப்பது அதுதான். அறிகுறிகள்: பால் சுரவாமை, மாதவிடாய் திரும்பாமை, குளிர் தாங்காமை, உரோமம் உதிர்தல், தளர்ச்சி. எத்தனை ஆண்டு இந்தக் கேள்வியைத் தாளில் வைத்தாள்! தளர்ச்சி என்பதை விட்டவனுக்கு அரை மதிப்பெண் கழித்தாள். நேற்று அந்த அறையில் இதைச் சொல்லியிருக்கலாம். அதற்குள் தம்பி சங்கரலிங்கம் முந்திக்கொண்டான், அவனுக்கே உரிய பெருமையோடு: இல்ல டாக்டர், ஆறு வருஷம் முன்னாடி எங்க அக்காவே தைராய்டு டெஸ்ட் எடுக்கச் சொல்லிப் பார்த்தாங்க, புரொபசர், எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க. அன்சாரியின் பேனா நின்றது. அவளை மரியாதையோடு பார்த்தான். அப்படியா மேடம்? அவள் தலையை அசைத்தாள். அசைத்தாளா? கழுத்து சற்று ஆடியது, அவ்வளவுதான். அவ்வளவு போதும். ஆறு ஆண்டுக்கு முன்பு பட்டாணி ஒழுங்காக வேலை செய்திருந்தால் பிரசவம் காரணமாக இருக்க முடியாது, இது புதிய நோய். ஸ்கேனிலும் ஒரு மங்கல் தெரிகிறது. இன்றைய சோதனையிலும் மறுமொழி இல்லையென்றால் மதுரைக்கு அனுப்பி, மூக்கு வழியாகக் கருவியை விட்டு, எலும்பைத் துளைத்து, ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்றான். பழைய ரிப்போர்ட் கிடைச்சா கொண்டுவாங்க மேடம்.

கிடைத்தது. காலையில் பீரோவின் இரண்டாம் தட்டில், மடித்தது மடித்தபடி. இதோ மடியிலுள்ள கைப்பைக்குள் இருக்கிறது. டி.எஸ்.எச்., தைராய்டுக்குப் பிட்யூட்டரி அனுப்பும் சரக்கு, இரண்டு புள்ளி நான்கு. பக்கத்தில், அளவு தவறினால் போடும் நட்சத்திரக் குறி இல்லை. அதற்குக் கீழே, டி ஃபோர், தைராய்டே சுரக்கும் சரக்கு, மூன்று புள்ளி ஒன்று. நட்சத்திரக் குறி இருந்தது. தைராய்டின் சரக்கு குறைந்தால் நலமான பிட்யூட்டரி கூச்சல் போட வேண்டும், டி.எஸ்.எச். பத்துக்கும் இருபதுக்கும் எகிற வேண்டும். சரக்கும் குறைந்து கூச்சலும் இல்லை என்றால் கூச்சல் போடுகிறவனே ஊமை. இதை முதலாண்டு மாணவன் சொல்ல வேண்டும். மேல்வரியை மட்டும் பார்த்து நார்மல் என்று எழுதிய மாணவன் ஒருவனை வகுப்பில் எழுப்பி நிறுத்தி, நீ வைத்தியம் பார்க்கிற ஊரில் சுடுகாட்டைப் பெரிதாகக் கட்டச் சொல் என்றவள் அவள். வகுப்பே சிரித்தது. அன்று அவள் மேல்வரியைத்தான் பார்த்தாள். விரலை அங்கே வைத்தாள், இரண்டு புள்ளி நான்கு, சரி, மடித்தாள், ஒன்றுமில்லை, உடம்பு வளையாத நோய்தான் என்றாள். கீழ்வரியைப் பார்க்கவில்லை. அவசரம், கல்லூரிக்கு நேரமாகிவிட்டது. பார்க்கவில்லை. அதனால், செல்களே, இப்போது மறுமொழி சொல்லுங்கள். இருபதாம் நிமிடத்தில் எட்டு, நாற்பதில் பத்து என்று ஏறுங்கள். நீங்கள் ஏறிவிட்டால் இவளுக்கு மூக்கும் துளைக்க வேண்டாம், இந்தக் காகிதமும் வெளியே வர வேண்டாம், சோம்பேறி சோம்பேறியாகவே இருக்கலாம். வேண்டுகிறாளாமே! ஒரு கொத்துச் செல்களிடம், உடலியங்கியல் பேராசிரியை. ஆனால் செல்கள் விடாமல் அழைத்தால் கேட்பதில்லை, அதையும் அவளே நடத்தியிருக்கிறாள். கருப்பைச் சுழற்சிக்கான தூண்டுஹார்மோன் மணிக்கொரு தரம் துடிப்பாக வந்தால் செல் பணியும். இடைவிடாமல் கொட்டினால் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொண்டு செவிடாகிவிடும். செண்பகம், செண்பகம், செண்பகம் என்று அந்த வீட்டில் விடியலிலிருந்து... சீ, என்ன மலிவான ஒப்புமை. வார இதழில் மருத்துவப் பகுதி எழுதுகிறவன் செய்கிற வேலை. இங்கே ஏற்பி சுருங்கியது கேள்வி இல்லை. செல் இருக்கிறதா, இல்லையா என்பது கேள்வி.

“மதினி.”

“என்ன?”

“மூக்கு வழியான்னா, எந்த மூக்குத் தொவாரம்?”

“எதுவானால் என்ன?”

“எடது பக்கம் மூக்குத்தி கெடக்குல்லா. அத்தை போட்டுவிட்டது. கழட்டச் சொல்லுவாகளோன்னுதான்.” சற்றுப் பொறுத்து, “வலிக்குமோ?” என்றாள்.

“மயக்க மருந்து கொடுப்பார்கள்.”

“எனக்கு என்னத்துக்கு மருந்து? நீங்கதான் சொல்லுவியளே, இவளுக்கு மயக்கம் தனியாக் குடுக்க வேண்டாம், ஒரு தலாணி குடுத்தாப் போதும்னு.” செண்பகம் சிரித்தாள். சிரிப்பு மெதுவாக வந்து மெதுவாகப் போயிற்று, பழைய இசைத்தட்டு தளர்ந்து சுற்றுவதைப்போல. ஆவுடைநாயகி சிரிக்கவில்லை. அதைச் சொன்னது சித்தப்பா மகள் கல்யாணத்தில். இருபது பேர் முன்னிலையில். இருபது பேரும் சிரித்தார்கள், இவளும் கூடச் சிரித்தாள்.

நாற்பது போயிற்று, அறுபது போயிற்று. ஜெபக்கனி வந்தாள், எடுத்தாள், எழுதினாள், ஒரு தரம் கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து சொல்லாமலே போர்த்திவிட்டுப் போனாள். இதை ஒரு நாளாவது வீட்டில் யாராவது செய்ததுண்டா என்ற எண்ணம் வந்து, அதை அவள் ஈயை விரட்டுவதைப்போல விரட்டினாள். கம்பளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கை மெழுகு நிறத்தில் இருந்தது. மெழுகு நிறம் என்று பாடநூலிலும் இருக்கிறது. பிரசவத்தின்போது ஆவுடைநாயகி ஊரில் இல்லை, சென்னையில் புறத்தேர்வாளராகப் போயிருந்தாள். மூன்றாம் நாள் வந்தபோது செண்பகம் இதே நிறத்தில்தான் கிடந்தாள். இருபத்து நாலு வயது. ரொம்ப ரத்தம் போயிட்டுதாம் என்று யாரோ சொன்னார்கள், அம்மாவா, சங்கரனா. தேர்வுத் தாள்களைத் திருத்தி முடிக்க வேண்டியிருந்தது, அந்தக் கட்டையும் ஊருக்குக் கொண்டு வந்திருந்தாள். எந்தக் கேள்வி அந்த ஆண்டு? வேண்டாம், அதைத் தேடிப் போகக் கூடாது, நினைவு தன் வசதிக்கு எதையாவது புனைந்து தரும். கீழ்வரிக்கு வா. கீழ்வரியைப் பார்த்தாயா? பார்க்கவில்லை. விரல் மேல்வரியில் இருந்தது. விரல் மேல்வரியில் இருந்தால் கீழ்வரி எங்கே போகும், அரை அங்குலம். நகத்துக்குக் கீழே இருந்தது. நட்சத்திரக் குறி கறுப்பாக, தடிமனாக, தெருமுனை ஆய்வகத்துக்காரன் மை தீர்ந்த அச்சில் அதை மட்டும் பளிச்சென்று அடித்திருந்தான். மை தீர்ந்தது எப்படித் தெரியும், பார்க்கவில்லையென்றால்? இன்று காலையில் பார்த்ததில் தெரிந்தது. இல்லை. மை தீர்ந்த அச்சைப் பார்த்து அன்றே ஒரு சொல் சொன்னாள். என்ன சொன்னாள்? தெருமுனை லேப், இவனெல்லாம் எதை அளந்தான். ஆம். அதைத்தான் சொன்னாள். எதைப் பார்த்து அதைச் சொன்னாள்? மேல்வரி சரியாக இருக்கிறது, அதைப் பார்த்து அப்படிச் சொல்ல மாட்டாள். மூன்று புள்ளி ஒன்றைப் பார்த்துச் சொன்னாள். பார்த்தாள். பார்த்து, ஒரு கணம், ஒரே கணம், இது அதுவோ என்று உள்ளே ஏதோ நிமிர்ந்தது. நிமிர்ந்ததன் தலையில் தட்டினாள், இவளுக்கா, இந்த ஊட்டிக்காரிக்கா, நோய் வருவதற்கும் ஒரு முகம் வேண்டும். ஒரே ஆய்வகம் அளந்த இரண்டு எண்களில் தனக்குப் பிடித்ததை நம்பினாள், பிடிக்காததை ஆய்வகத்தின் பிழை என்றாள். மாணவனாவது அறியாமல் எழுதினான். அறியாமையை மன்னிக்கலாம் என்று அவள் எப்போதும் சொன்னதில்லை, ஆனால் அறிந்து செய்ததற்கு முன்னால் அது தூசு. தூங்கியவளைத் தாண்டிய கால்கள் தன்னுடையவைதாமா என்று குனிந்து பார்த்தாள். தன்னுடையவைதான், செருப்பு பளபளவென்று துடைத்திருந்தது.

தொண்ணூறாம் நிமிட இரத்தம் எடுத்தபோது அன்சாரியே வந்துவிட்டான், கையில் ஒரு சீட்டு. ஆவுடைநாயகி எழுந்து நின்றாள். எழுந்தது தெரிந்ததும் தன்மேலேயே கோபம் வந்தது.

“முதல் மூணு சாம்பிள் ரிசல்ட் வந்துட்டுது மேடம். புரோலாக்டின் ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு புள்ளி ஒண்ணு. டி.எஸ்.எச்.சும் இருந்த எடத்துலயே நிக்குது. அசையவே இல்ல.”

“அப்படியென்றால்?” தெரிந்த விடையைக் கேட்கும் குரல், தேர்வு அறைக் குரல், அதைத் தவிர வேறு குரல் அவளிடம் அப்போது இல்லை.

“பிட்யூட்டரி பதில் சொல்லல. மதுரைக்கு எழுதிரலாம்னு நெனக்கேன். ஆறு வருஷத்துக்கு முன்னாடி நல்லாயிருந்து இப்ப இப்படின்னா, வீக்கமா, கட்டியான்னு துணுக்கு எடுத்துப் பாத்துத்தான் ஆகணும். அம்மா, பயப்படாதீங்க.”

செண்பகம் பயப்பட்டாள். கை மூக்குத்திக்குப் போயிற்று. ஆவுடைநாயகி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்தாள்.

“ஆறு வருடத்துக்கு முன்பு இவள் நன்றாக இல்லை,” என்றாள். “இரண்டாம் வரியைப் பாருங்கள்.”

அவன் படித்தான். இரண்டு முறை படித்தான் என்பது கண் ஓடியதில் தெரிந்தது. “டி ஃபோர் குறைஞ்சு, டி.எஸ்.எச்... அப்ப அன்னைக்கே இருந்திருக்கு. பிரசவத்துலயே போயிருக்கணும்.” அவன் முகம் தெளிந்தது, உடனே அவள் முகத்தைப் பார்த்து அவசரமாக மரியாதை வந்து மூடிக்கொண்டது. “இது எல்லாருக்கும் தவறுறதுதான் மேடம். டி.எஸ்.எச். நார்மலா இருந்தா யாரும் கீழ பாக்கமாட்டாங்க. நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க.”

இந்த மன்னிப்பை எவ்வளவு மலிவாகக் கொடுக்கிறான்! பேருந்தில் எழுந்து இடம் தருவதைப்போல.

“கவனித்தேன்,” என்றாள். “எழுதிக்கொள்ளுங்கள். பார்த்தேன், ஆய்வகத்தின் பிழை என்று ஒதுக்கினேன், நார்மல் என்று வீட்டில் சொன்னேன். நேற்று நீங்கள் கேட்டபோதும் தலையாட்டினேன். மதுரை தேவையா?”

“தேவைப்படாது மேடம். ஸ்கேனைத் திரும்ப ஒருக்காப் பாத்துருவோம். மாத்திரையிலேயே சரியாயிரும். மொதல்ல ஸ்டீராய்டு, அப்புறம் தைராய்டு, அந்த வரிசையில. ரெண்டு மாசத்துல ஆளே மாறிருவாங்க.” அவன் செண்பகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தப்பித்துப் போகிறவனைப்போலப் போனான்.

அறையில் கடிகாரம் மட்டும் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. அழுவாள் என்று ஆவுடைநாயகி எதிர்பார்த்தாள். அழுகைக்குத் தேவையான ஏளனத்தைக்கூட வழக்கம்போல் எடுத்து வைத்துக்கொண்டாள், பழக்கதோஷம். செண்பகம் அழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூக்கு தப்பிச்சுது,” என்றாள் கடைசியில்.

“ஆம்.”

“அப்ப எனக்கு வந்தது சோம்பல் இல்ல.”

“இல்லை.”

“சீக்கு.”

“சீக்குத்தான். நான் அன்றே...”

“கேட்டேன் மதினி. காது நல்லாத்தான் இருக்கு.” அந்த இழுத்த குரலில் இதுவரை கேட்டிராத ஒரு கத்தி இருந்தது, மழுங்கிய கத்தி, அவசரமில்லாமல் அறுக்கும் கத்தி. “அத்தை இருந்திருந்தா இத நம்பியிருக்க மாட்டாக. நான் சொன்னா, அந்தா, சோம்பேறிக்கு டாக்டர் சீட்டு வேற குடுத்துட்டான்னுருப்பாக. நீங்க சொன்னா நம்புவாக. அவுக மகனும் அப்படித்தான். எம் மக அதுக்கு மேல.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “நீங்களே சொல்லிருங்க.”

“மாலையில் சங்கரன் வருவான், அப்போது...”

“இப்ப சொல்லுங்க.”

இருபத்து மூன்று ஆண்டில் செண்பகம் அவளுக்கு இட்ட முதல் வேலை அது. ஆவுடைநாயகி செல்பேசியை எடுத்தாள். இரண்டாம் மணியிலேயே சங்கரலிங்கம் எடுத்துவிட்டான். அலுவலக இரைச்சல் பின்னால் கேட்டது.

“என்னக்கா, எல்லாம் நார்மல்தான?”

“நார்மல் இல்லை சங்கரா. ஆறு வருடத்துக்கு முன்பும் நார்மல் இல்லை. எனக்கு அன்றைக்கே தெரியும்.”

“என்னது? என்னக்கா சொல்லுத, இங்க ஒரே சத்தம், இன்னொருக்காச் சொல்லு.”

கம்பளியை விலக்கிக்கொண்டு செண்பகம் கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள். நேரம் பிடித்தது, ஆவுடைநாயகி உதவிக்கு நீட்டிய கையை அவள் பார்க்கவில்லை, அல்லது பார்த்தாள். சரியாக உட்கார்ந்தபின், ஸ்பீக்கரில் போடும்படி விரலால் காட்டினாள்.

ஆவுடைநாயகி ஸ்பீக்கரில் போட்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.